மிச்சம் நின்ற ஆள்

சூரியபிரகாஷ் வகுப்பில் ஜோக் அடிக்கவில்லை என்றால் ஒன்று அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும், அல்லது கல்லூரி முதல்வர் ஜன்னலோரம் நிற்க வேண்டும். தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை உதவிப் பேராசிரியர். ஸ்டாக் என்றால் என்ன என்று சொல்லக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவருவார். "கடைசியா வச்ச தட்டத்தான் மொதல்ல எடுக்க முடியும்." க்யூ என்றால் அதே மண்டபத்தின் பந்தி. "மொதல்ல வந்தவன் மொதல்ல சாப்பிடணும். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. நம்ம ஊருல எவனும் அந்தப் புத்தகத்தப் படிக்கல." பையன்கள் மேசையைத் தட்டுவார்கள். அந்தத் தட்டல் சத்தம் இருக்கிறதே, அதற்காக அவர் மதியச் சோற்றைக்கூட விட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குத் துப்பறியும் ஆசையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

விடுமுறையில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். சல்லடை என்று பெயர் வைத்தார். மாணவர்கள் ஆய்வகத்தில் எழுதித் தரும் புரோகிராம்களை அது ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கும். பெயர்களை மாற்றினாலும், வரிகளை முன்னே பின்னே நகர்த்தினாலும் ஏமாறாது. அதற்குப் பின்னால் அவருக்கு ஒரு தத்துவமே இருந்தது. சரியான விடை ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரலாம். சரி என்பது ஒன்றுதானே. ஆனால் ஒரே தப்பு, ஒரே இடத்தில், ஒரே மாதிரி இரண்டு பேருக்கு வராது. வந்தால் ஒருவர் எழுதினார், மற்றவர் பார்த்தார். இதை அவர் ஆசிரியர் அறையில் டீ டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். இன்றைக்கும் அந்தத் தத்துவத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் இல்லை. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

இரண்டாம் ஆண்டு வகுப்புக்குக் கொடுத்த வேலை பைனரி சர்ச். உயரப்படி நிற்கும் ஆட்களில் ஒருவரைத் தேடுவதுபோல, ஒழுங்காக அடுக்கிய வரிசையில் ஒன்றைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல், நேரே நடுவில் பார். தேடுவது அதைவிடப் பெரியதென்றால் இடது பாதியைத் தூக்கி எறி. சிறியதென்றால் வலது பாதியை. மிச்சத்தின் நடுவில் பார். மறுபடி பாதியை எறி. சல்லடையில் மொத்த வகுப்பும் ஓடியது. சிக்கியது இரண்டே பேர்: ராயப்பன்பட்டி ஜெனிபர், அல்லிநகரம் முத்துராஜா. இருவர் புரோகிராமும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு ஆள் மிஞ்சும்போது, அவரைப் பார்க்காமலேயே "தேடியது இல்லை" என்று கடையைச் சாத்திவிட்டன. ஒரே தப்பு. ஒரே இடம். ஒரே மாதிரி.

துறைத்தலைவி அனுசுயா மேடத்தின் அறையில் விசாரணை நடந்தது. கதவு திறந்திருந்தது, வெளியே வராந்தாவில் பாதி வகுப்பு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சூரியபிரகாஷுக்குக் கூட்டம் இருப்பது தெரியும். அதுதான் அவருடைய நோய்.

ஜெனிபர் மெதுவாகத்தான் சொன்னாள். "சார், நீங்க போர்டுல போட்டதத்தான் சார் எழுதுனேன்."

"அல்காரிதம் நான் போட்டதும்மா. தப்பு யாரு போட்டது?"

வராந்தாவில் குபீரென்று சிரிப்பு. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அது கல்லூரிக்குள் பழமொழிபோல் ஆயிற்று. கேன்டீனில் சாம்பாரில் உப்பு கூடினால், "சாம்பார் நான் வச்சது, உப்பு யாரு போட்டது?" என்றார்கள். சூரியபிரகாஷ் காதில் விழும்போதெல்லாம் தெரியாத மாதிரி நடந்து, தெரிந்த மாதிரி சிரித்தார்.

ஜெனிபர் காப்பி அடித்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். முத்துராஜா கொடுக்க மாட்டேன் என்றான். கொடுக்கிறவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று மேடம் சொன்னதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான்.

ஆடிக் காற்று கணவாய்ப் பக்கமிருந்து இறங்கி, திறந்து கிடந்த கதவுகளையெல்லாம் அறைந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஜெனிபரின் அப்பா ஜேசுராஜ் ஆசிரியர் அறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். கையில் செய்தித்தாள் போட்டு மூடிய ஒரு கூடை.

"பன்னீர் திராட்ச சார். நம்ம தோட்டத்துது. ரெண்டு நாளாத்தான் வெட்டுறோம்."

"எதுக்குங்க இதெல்லாம்?"

"புள்ளைய மன்னிச்சு விட்டீகளே. வேற காலேஜா இருந்தா வெளிய அனுப்பியிருப்பாகன்னு மேடம் சொன்னாக."

சூரியபிரகாஷ் தலையைச் சாய்த்துக்கொண்டார். மன்னிப்பது உடம்புக்கு நல்லதொரு சுகம். குலையிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டு, "அருமையா இருக்கு. இதுக்குக் காப்பி கிடையாது, ஒரிஜினல்" என்றார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். ஜேசுராஜும் சிரித்தார், ஆனால் ஒரு நொடி பிந்தி, எதற்கென்று தெரியாமல்.

"அப்ப நா வர்றேன் சார். வார்டன் அம்மா கையெழுத்துப் போட்டாகன்னா மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிருவோம்."

"லீவுக்கா?"

"இல்ல சார். படிச்சது போதும்." அவர் துண்டின் முனையைச் சுருட்டினார். "காப்பி அடிச்சதுகூட பரவாயில்ல சார், சின்னப்புள்ளைக. ஒரு பயலோட சேந்து மாட்டுனான்னு ஊருக்குள்ள பேசுறாக. இதப் பாத்து அவன் எழுதுனானா, அவனப் பாத்து இது எழுதுச்சான்னு கேக்குறாக. கேக்குற தோரணை இருக்கு பாருங்க... அவ அம்மா கோயிலுக்குப் போகவே கூசுறா. இங்கன கெடந்தா பேச்சு வளரும். வீட்டுல இருக்கட்டும்."

திராட்சை விதை ஒன்று சூரியபிரகாஷின் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. "அவசரப்படாதீங்க" என்றார். அந்தச் சொல்லில் அவருக்கே நம்பிக்கை இல்லை. தப்புச் செய்தால் ஏதாவது நடக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு, டஸ்டரை எடுத்துக்கொண்டு பி பிரிவு வகுப்புக்குப் போனார்.

ஜெனிபரின் வகுப்பு ஏ பிரிவு; பி பிரிவுக்கு அன்றுதான் அதே பாடம். அவருக்குப் பாடம் மனப்பாடம். வாய் ஒரு பக்கம் ஜோக் அடிக்க, கை ஒரு பக்கம் எழுதும். முதல் ஆள் இங்கே, கடைசி ஆள் அங்கே, இரண்டு பேரும் விலகி நிற்கும்வரை நடுவில் பார், பாதியை எறி, திரும்பச் செய் என்று சுற்றிச் சுற்றி வரும் ஒரு லூப். எழுதி முடித்துக் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினார். திரும்பியவர் மறுபடி போர்டைப் பார்த்தார்.

'விலகி நிற்கும்வரை.'

இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நின்றால்? ஒரே ஆள் மிஞ்சினால்? போர்டு சொன்னது: நிறுத்து. அவரைப் பார்க்காதே. இல்லை என்று சொல்.

இந்தப் புரோகிராமை எழுத இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்றில் கடைசி ஆளையும் கணக்கில் சேர்த்துத் தொடங்குவார்கள். இன்னொன்றில் கடைசி ஆளுக்கு அடுத்த வெற்றிடத்தில் கோடு போட்டுத் தொடங்குவார்கள். இரண்டும் சரி. சூரியபிரகாஷின் கை ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டவைத்திருந்தது. போடி பஸ்ஸில் ஏறிக் கம்பத்துக்கு டிக்கெட் கேட்ட மாதிரி. எத்தனை வருஷமாக இப்படி எழுதுகிறாரோ. எந்த வகுப்பும் கேட்டதில்லை. இப்போதும் எதிரே எல்லோரும் அமைதியாக அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள், அல்லது எழுதுவதுபோல் மேசைக்கடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்க போர்டுல போட்டதத்தான் சார் எழுதுனேன்.

சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. முன்பெஞ்சுப் பெண் அனுஷ்கா எடுத்துக் கொடுத்தாள். "என்ன சார், ஜோக் மறந்துபோச்சா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றார். அது உண்மை.

ஆசிரியர் அறைக்கு வந்து கணினியைத் திறந்தார். ஒரு கேள்வி பாக்கி இருந்தது. தப்பு போர்டில் இருந்ததென்றால் மொத்த வகுப்புக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? இரண்டு பேருக்கு மட்டும் ஏன்? மற்றவர்களின் புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் சரியாக இருந்தன. சரியென்றால் சாதாரணச் சரியில்லை. வரிக்கு வரி அழகான இங்கிலீஷில் விளக்கம். 'நன்றி' என்பதை ஒரே மெயிலில் மூன்று விதமாகத் தப்பாக எழுதும் விஜய்பாண்டி, 'எல்லைகளையும் உள்ளடக்கிய இடைவெளி' என்று இங்கிலீஷில் குறிப்பு எழுதியிருந்தான். எல்லோரும் போனில் இருக்கும் ஏஐயைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, "இதையே வேற மாதிரி எழுதிக் குடு" என்றும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அது வேறு வேறு சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறது. சல்லடைக்கு எதுவும் எதைப்போலவும் தெரியவில்லை. சூரியபிரகாஷ் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தார். விஜய்பாண்டிக்கு 'வெரி குட்' வேறு.

ஆக, மொத்த வகுப்பில் அவர் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டு, போனைத் தொடாமல் தாமாக எழுதியவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரைத்தான் அவர் சல்லடை போட்டுப் பிடித்திருந்தார்.

கூடையில் திராட்சை பளபளத்தது. அதன் மேல் செய்தித்தாளை இழுத்து மூடினார். மூடியும் வாசம் வந்தது.

அனுசுயா மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷி. துறையை ஓட்டுகிறவர்களுக்கு நல்ல மனசோடு கூட இன்னும் பல கவலைகள் உண்டு.

"சூர்யா, அங்கீகாரம் குடுக்குற கமிட்டி வர்ற மாசம் இது. இப்பப் போயி மொத்த வகுப்பும் காப்பி, வாத்தியார் நடத்துனது தப்புன்னு தண்டோரா போடணுமா? ரெண்டு பேரையும் மன்னிச்சு விட்டுட்டோம்னு முடிச்சிருவோம். அந்தப் பையனையும் வரச் சொல்லுங்க. லெட்டர் வேணாம்."

"செய்யாத தப்ப எப்படி மேடம் மன்னிக்கிறது?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். அதவிட, மன்னிச்சதுக்குத்தான் மேடம் அவங்கப்பா அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போறாரு. திராட்சையெல்லாம் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறாரு."

மேடம் துடைத்த கண்ணாடியை மேசையில் வைத்தார். "ஜோக் இல்லாம நீங்க பேசி நான் கேட்டதே இல்ல" என்றார். பிறகு, "இந்த ஹவர் ஜெனிபர் வகுப்புக்கு லேப்தான. போங்க. நான் எதையும் கேக்கல" என்று கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பெண்கள் விடுதி வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், கயிறு கட்டிய புத்தகக்கட்டு. ஜேசுராஜ் வார்டனின் கையெழுத்துக்காகப் படியில் உட்கார்ந்திருந்தார். ஜெனிபர் காற்றில் பறக்கும் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூரியபிரகாஷ் ஏறக்குறைய ஓடி வந்தார். ஓடி வந்தவருக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.

"ஜெனிபர், நீ காப்பி அடிக்கல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா சார்."

"அப்புறம் ஏம்மா அடிச்சேன்னு எழுதிக் குடுத்த?"

"எழுதிக் குடுத்தா விட்டுருவோம்னு நீங்கதான சார் சொன்னீக." குரலில் கோபம்கூட இல்லை, பழைய சங்கதி பேசுவதுபோல் இருந்தது. "கோயில்ல பங்குச்சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமின்னேன். என்ன பொய்னு கேட்டாக. காப்பி அடிச்சேன்னு பொய் சொன்னேன்னேன். சாமியே கொழம்பிட்டாரு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சூரியபிரகாஷ் இதை ஒரு வருஷத்துக்கு வகுப்பில் ஓட்டியிருப்பார்.

"என்ன சார் சொல்றீக?" ஜேசுராஜ் எழுந்துவிட்டார். "செய்யலையா?"

"செய்யல. தப்பு என்னுது. வாங்க, எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்களும் வாங்க."

ஆய்வகத்தில் இவர்களைக் கண்டதும் சத்தம் அடங்கியது. ஜேசுராஜ் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கடைசி வரிசையில் ஒரு ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜெனிபர் தன் பழைய இடத்தில் உட்காராமல் சுவரோரம் நின்றாள்.

சூரியபிரகாஷ் போர்டில் அந்தப் புரோகிராமை, அன்று எழுதியபடியே, எழுதினார். பிறகு ஆறு பேரைக் கூப்பிட்டு உயரப்படி வரிசையாக நிற்கச் சொல்லி, தம் உயரத்துக்குத் தோதாக ஐந்தாவது இடத்தில் தாமும் போய் நின்றார். ஏழு பேர். மேசை தட்டக் கைகள் தயாராயின. சார் ஏதோ செய்யப்போகிறார்.

"ஜெனிபர், இந்த வரிசையில ஒரு ஆளு தப்புப் பண்ணியிருக்கான். அவன் ஒசரம் என் ஒசரம். போர்டுல இருக்கிற மாதிரியே தேடு. ஒரு எழுத்துக்கூட மாத்தாத."

அவள் போர்டையும் வரிசையையும் பார்த்தாள். "நடுவுல நாலாவது ஆளு. விஜய்பாண்டி. அவன் குட்டை. அதனால அவனும் அவனுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்களும் போகலாம்."

நாலு பேர் போய் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் மிச்சம்.

"அதுல நடுவுல ஆறாவது. அவன் நெட்டை. அவனும் அவனுக்கு அங்கிட்டு இருக்கிறவனும் போகலாம்."

அவர்களும் போனார்கள். ஜெனிபர் போர்டைப் பார்த்தாள். முதல் ஆளும் கடைசி ஆளும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள், விலகி நிற்கவில்லை. அவள் முகத்தில் ஏதோ மாறியது.

"லூப் முடிஞ்சிருச்சு சார். தேடுன ஆளு இல்ல."

"யாரையாவது பாக்காம விட்டியா?"

"ஒருத்தரப் பாக்கல."

"யாரு?"

"மிச்சம் நிக்கிற ஆளு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சார்" என்றாள்.

யாரும் மேசையைத் தட்டவில்லை. வெளியே எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

"போர்டுல தப்பு போட்டது நான்" என்றார் சூரியபிரகாஷ். "இவளும் முத்துராஜாவும் அதக் கேட்டு எழுதுனாங்க. பாத்து எழுதல. ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல. மத்த எல்லாருடைய புரோகிராமும் சரியா இருந்துச்சு. நான் தப்பா நடத்துன பாடம் உங்க எல்லாருக்கும் எப்படிச் சரியா வந்துச்சுன்னு நான் கேக்கப்போறதில்ல. உங்களுக்கே தெரியும்."

தலைகள் கீழே போயின. விஜய்பாண்டி தன் செருப்பை உற்றுப் பார்த்தான். அடுத்த வாரம் எல்லோரும் பேப்பரில், தம் கையால், அவருடைய தப்பைத் திருத்தி ஏன் திருத்தினோம் என்றும் எழுத வேண்டும் என்று சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு முனகல் வரும். வரவில்லை.

வெளியே வந்ததும் ஜேசுராஜ் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "இந்த வரிச, நெட்ட குட்ட, இதெல்லாம் எனக்குப் பிடிபடல சார். எம்புள்ள செய்யல. அந்தப் பயலும் செய்யல. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான். நான் ஊருக்கு வந்து சொல்றேன். உங்க கோயில் வாசல்ல நின்னுகூடச் சொல்றேன்."

"வேணாம் சார், வேணாம். நா சொல்லிக்கிறேன்." அவர் மகளைப் பார்த்தார். அவளைப் பார்த்துக்கொண்டே பேச முடியாமல் விடுதிப் பக்கம் பார்த்தார். "ஆத்தா, நானும் உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். அவுக சொன்னாகன்னு அந்த மன்னிப்புக் கடுதாசில கையெழுத்துப் போடச் சொல்லிட்டேன்."

"பெட்டியக் கட்டுனது நீங்கதான, நீங்களே அவுத்துருங்க" என்றாள் ஜெனிபர். ஜேசுராஜ் விறுவிறுவென்று விடுதியைப் பார்த்து நடந்தார். அவிழ்க்கிற வேலையாவது மிச்சமிருந்ததில் அவருக்கு நிம்மதி.

ஜெனிபர் நின்றாள். சூரியபிரகாஷ் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். பரவாயில்லை சார் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

"இதையும் நாடகமாத்தான் பண்ணணுமா சார்?" என்று கேட்டாள். "தப்பு எம்மேலன்னு ஒரு வரி போதுமே. நடுவுல நாலாவது ஆளு, ஆறாவது ஆளுன்னு... அங்கன நின்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு."

அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

"லேப் ரெக்கார்டு கட்டுக்குள்ள இருக்கு சார். எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவளும் அப்பா போன வழியே போனாள்.

கூடையை அவர் திருப்பித் தர முயன்றபோது ஜேசுராஜ் வாங்கவில்லை. "குடுத்தத வாங்குற பழக்கமில்ல சார். அந்தப் பய வீட்டுக்குக் கொண்டுபோங்க. அவனுக்கு யாரு போய்ச் சொல்றது?"

சாயங்காலம் அல்லிநகரத்தில் முத்துராஜாவின் வீட்டைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பைக்கின் பெட்ரோல் டேங்கில் கூடை. வழி நெடுகிலும் அவர் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் சல்லடையைப் பற்றி ஒரு கேலி, பிறகு தன்னைப் பற்றி ஒரு கேலி, சிரிப்பு வந்ததும் விஷயம். பழனிசெட்டிபட்டி தாண்டும்போது அது நன்றாக உருவாகியிருந்தது.

கதவைத் திறந்தது முத்துராஜாவின் அம்மா பூமாரி. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வாங்க சார். எம்மவன் இன்னும் என்னத்தத் திருடிட்டான்னு சொல்ல வந்தீக?"

"இல்லம்மா, நான்..."

"படிக்கிற புள்ள. வீட்டுல கெடக்குறான். மில்லுல எல்லாவளும் கேக்குறாளுக, ஏண்டி ஒம்மவன் பொம்பளப் பிள்ளையப் பாத்து எழுதுனானாமேன்னு. அவன் எந்தப் பிள்ளையையும் நிமிந்துகூடப் பாக்க மாட்டான் சார். என்னையே பாக்க மாட்டான். போனத்தான் பாப்பான்."

"யம்மா, விடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முத்துராஜா வாசலுக்கு வந்து நின்றான். "வாங்க சார்."

பாய் போட்டார்கள். பூமாரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்; வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. சூரியபிரகாஷ் உட்கார்ந்தார்.

"முத்துராஜா, அந்த லூப்புல..."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"ஒரு ஆளு மிஞ்சும்போது பாக்காம நிறுத்துது. நீங்க போர்டுல அப்படித்தான் போட்டீக. விசாரணை முடிஞ்சு வந்த அன்னைக்கே வீட்டுல ஓட்டிப் பாத்தேன். தேடுற ஆளு கடைசியா மிஞ்சுனா மட்டும் மாட்டும். ரெண்டு ஸ்டைலும் கலந்துபோச்சு சார்."

அன்றைக்கே. இவ்வளவு நாளும் இந்தப் பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"தெரிஞ்சும் ஏன்டா வந்து சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. அந்தப் புள்ள வேற..."

முத்துராஜா கூடையின் விளிம்பை விரலால் தடவினான். பதில் சொல்ல யோசிப்பதாகத் தெரியவில்லை. சொல்லலாமா என்று யோசிப்பதாகத் தெரிந்தது.

"வந்து சொன்னா நீங்க ஒரு ஜோக் அடிப்பீக சார்" என்றான்.

பூமாரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏலே, வாத்தியார்ட்ட இப்படியா பேசுறது?"

"பேசட்டும்மா" என்றார் சூரியபிரகாஷ்.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சிந்திய தண்ணீர் பாயின் ஓரத்துக்கு வந்திருந்தது. உள்ளே, எங்கேயோ தொண்டைக்கு அருகில், ஒரு ஜோக் தயாராகிவிட்டது. அதற்குக் காலநேரம் தெரியாது. மிக நல்ல ஜோக்காகவும் இருந்தது. சொன்னால் இந்தப் பையன்கூடச் சிரிப்பான், பூமாரி சிரிப்பாள், காற்று லேசாகும், எழுந்து போய்விடலாம். வழக்கமாக அப்படித்தான் எழுந்து போவார்.

அவர் அதை விழுங்கினார். விழுங்கியது விதையோடு இறங்கிய மாதிரி இருந்தது.

"தப்பு என்னுதுப்பா" என்றார். "நீ செய்யல. நான் உங்க ரெண்டு பேரையும் கேக்காம, நாலு பேர் சிரிக்கணும்னு பேசிட்டேன். மன்னிச்சுக்க."

அதற்குப் பிறகு ஒன்றும் சேர்க்கவில்லை. அவருக்குப் பழக்கமே இல்லாத மௌனம். யாராவது எதையாவது தட்ட மாட்டார்களா என்று இருந்தது. யாரும் தட்டவில்லை.

கடைசியில் முத்துராஜா செய்தித்தாளை விலக்கிக் கூடைக்குள் பார்த்தான். "இது யாரு குடுத்தது சார்?"

"ஜெனிபர் அப்பா. உனக்குக் குடுக்கச் சொன்னாரு."

"அந்தப் புள்ள காலேஜ் வருதா?"

"வருது."

அவன் தலையாட்டினான். ஒரு குலையை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். இன்னொன்றை எடுத்து, கொஞ்சம் தயங்கி, சாரின் பக்கம் பாயில் வைத்தான். நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு என்ன பாடம் சார்?" என்று மட்டும் கேட்டான்.

"இதேதான்" என்றார் சூரியபிரகாஷ். "மறுபடி மொதல்லருந்து. நான் எழுதுறத நீ பாத்துக்கிட்டே இரு."